திங்கட்கிழமை வயிற்று வலி

ஒன்பதாம் வகுப்பு தொடங்கி இரண்டு மாதத்துக்குள் அவள் ஏழு தடவை வயிற்று வலி என்று வகுப்பை விட்டு எழுந்து வந்திருந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தார்கள். ரத்தம் கொஞ்சம் கம்மி என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. "காலையில சாப்பிடாம வருவா, அதான்" என்றார் வகுப்பாசிரியை. நானும் அப்படித்தான் நினைத்தேன். வருகைப் பதிவேட்டையும் என் குறிப்பேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றுதான் கண்ணில் பட்டது: ஏழில் ஐந்து தடவை திங்கட்கிழமை.

வேலூர் மாவட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்குப் போய் மாணவர்களோடு பேசுவது என் வேலை. இதை எழுதலாம் என்று அவளும் அவள் அம்மாவும் சொன்ன பிறகே எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகக் குடும்ப விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன், பெயரும் வைக்கவில்லை. அவள் பேசிய பேச்சை மட்டும் மாற்றவில்லை.

குடும்பம்

குடியாத்தத்திலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் அவள் ஊர். அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். முன்பெல்லாம் அப்பா மட்டும் பெங்களூர் போய் மாதம் ஒரு தடவை வருவார். 2021-ல் கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்த பிறகு, அவள் ஏழாவது படிக்கும்போது, அம்மாவும் கூடப் போனார். ஊரடங்கில் வேலை இல்லாமல் வாங்கித் தின்ற கடன், வீட்டுக்குத் தளம் போட்ட கடன், குழு லோன். மேஸ்திரி முன்பணம் கொடுத்தார். அதை வேலையில் கழிக்கும்வரை நினைத்தபோது ஊருக்கு வர முடியாது. ஒரு கட்டடம் முடிந்தால் அடுத்த சைட். தங்குவது சைட்டிலேயே தகரக் கொட்டகையில். பிள்ளைகளை அங்கே எந்தப் பள்ளியில் சேர்ப்பது, ஆறு மாதத்தில் இடம் மாறினால் என்ன செய்வது, வயசுக்கு வரப்போகிற பெண்ணைக் கொட்டகையில் எப்படி வைப்பது என்று எதற்கும் பதில் கிடைக்காமல் இரண்டு பேரையும் ஆயாவிடம் விட்டுப் போனார்கள். ஆயா என்றால் அம்மாவைப் பெற்றவர். எங்கள் பக்கத்தில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம். பீடி சுற்றுகிறார். ஒரு கண்ணில் புரை. தம்பி நாலாவது படிக்கிறான்.

பழைய வட ஆர்க்காடு முழுக்கவே ஆட்கள் பிழைக்க வெளியே போகிற பூமி. 1989-ல் மாவட்டம் இரண்டானது, 2019-ல் வேலூர் மறுபடி மூன்றானது. கோடு எங்கே விழுந்தாலும் பஸ் ஏறுகிறவர்கள் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் வளைகுடா நாடுகள். கம்மவான்பேட்டை பக்கம் பட்டாளம். ஜவ்வாது மலையிலிருந்து கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்குக் குடும்பத்தோடு போகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரில் அந்த மலைக்காரர்களும் இருந்தார்கள். "அப்பா வேலைக்குப் போயிருக்காரு" என்று அந்த ஊர்ப் பிள்ளைகள் சொல்லும்போது அதற்கு இன்றைக்கும் தனிக் கனம் உண்டு.

இதில் பெங்களூர் போகிறவர்களை யாரும் பிரிந்து போனவர்களாகவே நினைப்பதில்லை. ஜோலார்பேட்டை வழியாக ரயில் ஏறினால் நாலு மணி நேரம். "பக்கத்துலதானே கீறாங்க" என்பார்கள். துபாய்க்குப் போன அப்பாவின் மகனுக்கு ஊரில் ஒரு அனுதாபம் கிடைக்கிறது. அதோடு அவனிடம் ஒரு தேதியும் இருக்கிறது: இரண்டு வருட ஒப்பந்தம், இந்த மாதம் லீவு. அவன் நாள் எண்ணலாம். இவளுக்கு எண்ண நாளே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் வரலாம், ஒவ்வொரு ஞாயிறும் வராமல் போகலாம்.

"ரொம்பப் பொறுப்பான பொண்ணு"

அவளைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் வந்த சொல் இது. ஆசிரியைகள், ஆயா, பக்கத்து வீட்டு அத்தை, எல்லாரும். "குட்டி அம்மா மாதிரி அந்தப் பையன பாத்துக்குது" என்றார் சத்துணவு அக்கா.

அவள் நாள் இப்படிப் போகிறது. ஐந்து மணிக்கு எழுந்து தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும். சோறு வைத்து, தம்பியைக் குளிப்பாட்டிக் கிளப்ப வேண்டும். அவனுக்குப் பள்ளியில் காலை உணவு உண்டு. அந்தத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25-லிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது, ஆனால் ஐந்தாம் வகுப்பு வரைதான். இவள் பெரும்பாலும் வெறும் வயிற்றோடு வருவாள். மாலையில் தம்பிக்குப் பாடம். பிறகு ஆயாவோடு உட்கார்ந்து, நனைத்து வைத்த பீடி இலையைத் தகடு வைத்து அளவாக வெட்டுவது, சுற்றிய பீடிக்கு வாய் மடக்குவது. ஆயாவுக்கு ராத்திரியில் கண் தெரிவதில்லை. எண்ணிக்கை குறைந்தால் பணம் குறையும். அதெல்லாம் முடிந்து தன் புத்தகத்தை எடுக்கும்போது பத்து மணி ஆகிவிடும்.

செவ்வாய்க்கிழமை காலை குழு பணம் வசூலிக்கிறவர் வருவார். ஆயா கொல்லைப்பக்கம் போய்விடுவார். வாசலில் நின்று, "அம்மா அனுப்புறேன்னு சொல்லிகீறாங்க சார், நாளைக்கு வந்துடும்" என்று சொல்ல வேண்டியது இவள். பதினாலு வயது.

இவ்வளவையும் அவள் முகம் சுளிக்காமல் செய்தாள். மதிப்பெண்ணும் குறையவில்லை. அதனால்தான் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பிரச்சினை செய்கிற பையனை என்னிடம் உடனே அனுப்பிவிடுவார்கள். அதே ஊரில் அப்பா வளைகுடாவில் இருக்கும் ஒரு பையன் பெஞ்சை உடைத்தான், அன்றைக்கே எனக்குத் தகவல் வந்தது. பொறுப்பாக இருக்கிற பிள்ளையை யாரும் அனுப்புவதில்லை. அந்த வயிற்று வலி மட்டும் இல்லாவிட்டால் நானும் அவளைத் தாண்டிப் போயிருப்பேன்.

ஜாமெட்ரி பாக்ஸ்

முதல் மூன்று சந்திப்பில் அவள் வாயிலிருந்து வந்ததெல்லாம் "ஒண்ணும் இல்ல மிஸ்", "நல்லாதான் கீறேன் மிஸ்". நாலாவது தடவை கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு, கூடவே உட்கார்ந்து அவள் கணக்கு நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்கேல் கேட்டேன். ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தாள். உள்ளே காம்பஸுக்குக் கீழே தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள், மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு, இரண்டு கட்டாக இருந்தன.

ஒரு கட்டு தடிமன், ஒன்று மெலிசு.

என்ன என்று கேட்டேன். ரொம்ப நேரம் கழித்துச் சொன்னாள். அம்மா போனில் "இந்தத் தேதி வர்றோம்" என்று சொன்னால், அந்தத் தேதி வந்ததும் தாளைக் கிழித்து எடுத்து வைப்பாளாம். வந்திருந்தால் மெலிசுக் கட்டில். வராவிட்டால் தடிமன் கட்டில். பின்பக்கம் பென்சிலில் ஓரிரண்டு சொல் எழுதியிருந்தாள். ஒன்றில், "தம்பி பஸ் ஸ்டாப்ல ஒக்காந்துனு இருந்தான்." இன்னொன்றில், "கறி எடுத்துட்டோம்." வேறொன்றில் எதுவும் இல்லை, காகிதம் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்ட ஒரு கோடு மட்டும்.

"இத யார்கிட்டயாவது காட்டியிருக்கியா?"

"இல்ல மிஸ். அம்மா பாத்தா கஷ்டப்படும்."

ஞாயிறு ராத்திரிதான் போன் வரும். சைட்டில் அன்றைக்குத்தான் ஓய்வு. அந்தப் பேச்சு எப்படி இருக்கும் என்று அவளைச் சொல்லச் சொன்னேன். ஒரே மூச்சில் ஒப்பித்தாள், மனப்பாடச் செய்யுள் மாதிரி: "சாப்டியா, தம்பி படிக்கிறானா, ஆயா சொல்றத கேளு, நாங்க நல்லா கீறோம், அடுத்த வாரம் வர்றோம்." இவள் தரப்பிலிருந்து: "சாப்டோம், படிக்கிறான், நல்லா கீறோம்." மூன்று நிமிடம். மறுநாள் திங்கட்கிழமை.

என் தவறு

அன்று சாயங்காலமே நான் அவள் அம்மாவுக்குப் போன் செய்தேன். அவளைக் கேட்கவில்லை. மகள் ஏங்குகிறாள், நீங்கள் சொன்ன தேதிக்கு வருவதில்லை என்று பேசினேன். நல்லதுதானே செய்கிறேன் என்ற நினைப்பு. அம்மா போனிலேயே அழுதார். அடுத்த ஞாயிறு மகளிடம், "எங்கள பத்தி மிஸ்கிட்ட போயி குறை சொன்னியா, நாங்க யாருக்காக இந்த மண்ணு தூக்குறோம்" என்று கேட்டிருக்கிறார். இரண்டு வாரம் அவள் என்னிடம் பேசவில்லை. என்னைப் பார்த்தால் வராந்தாவின் அந்தப் பக்கம் போய்விடுவாள். ஜாமெட்ரி பாக்ஸில் காலண்டர் தாள்களும் இல்லை.

மூன்றாவது வாரம் நானே போய் மன்னிப்புக் கேட்டேன். உன்னைக் கேட்காமல் பேசினது தப்பு, இனி நீ சரி என்று சொல்லாமல் வீட்டில் பேச மாட்டேன், ஆனால் உன் உயிருக்கு ஆபத்து என்று எனக்குத் தோன்றினால் மட்டும் பேசுவேன், அதையும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன் என்றேன். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தரும் பாடமும் அதுதான். அவசரத்தில் விட்டுவிட்டேன்.

அம்மா கேட்ட "யாருக்காக" என்ற கேள்வியை அந்தப் பிள்ளைகளிடம் ஊரே கேட்கிறது. "உங்கம்மா அப்பா உனக்காகத்தானே கஷ்டப்படுறாங்க." வகுப்பில் ஆசிரியர் சொல்கிறார், திருவிழாவில் மாமா சொல்கிறார். அன்போடு சொல்வதுதான். கேட்கிற பிள்ளைக்குள் அது என்ன செய்கிறது என்பதை இந்த வேலையில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அம்மா இல்லையே என்ற ஏக்கம், ஏங்குவதே தப்பு என்ற குற்ற உணர்ச்சியாக மாறிவிடுகிறது. அதற்கப்புறம் அழ முடியாது, கோபப்பட முடியாது. வயிறுதான் வலிக்க முடியும்.

மதிப்பீடு

25 கேள்விகள் கொண்ட பலம், சிரமம் பற்றிய வினாத்தாளின் தமிழ் வடிவத்தைக் கொடுத்தேன். சிரமங்களுக்கான மொத்தம் 40. அவள் எடுத்தது 17. மாணவரே நிரப்பும் தாளில் 16 முதல் 19 வரை எல்லைக்கோடு. மொத்தத்தை மட்டும் பார்த்தால், கொஞ்ச நாள் கவனிக்கலாம் என்று வைத்துவிடத் தோன்றும். பிரித்துப் பார்த்தால் வேறு கதை. உணர்ச்சிப் பகுதியில் 10-க்கு 8, அதில் 7-ஐ எட்டினாலே கவலைக்குரியது. நடத்தைப் பகுதியில் 1. பிறருக்கு உதவும் பகுதியில் 10-க்கு 10. அதே தாளின் ஆசிரியர் வடிவத்தை வகுப்பாசிரியை நிரப்பியபோது மொத்தம் 6, முழுக்க இயல்பு. இரண்டு தாளையும் அவர் முன்னால் வைத்தேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தெனம் பாக்குறேனே மேடம் அவள" என்றார்.

தூக்கம் ஐந்து மணி நேரம், சில நாள் அதுவும் இல்லை. பசி குறைவு. பிடித்த கோலம் போடுவதை விட்டிருந்தாள். கேட்க வேண்டியதை நேராகவே கேட்டேன்: செத்துப்போகலாம் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா? கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் பெரியவர்களுக்கு உண்டு. அப்படி நடப்பதில்லை. கேட்டதும் பல பிள்ளைகளுக்கு மூச்சு லேசாகிறது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "சாவணும்னு இல்ல மிஸ். தூங்கிட்டு எழுந்திருக்காமயே இருந்தா நல்லாருக்கும்னு தோணும். ஆனா தம்பி கீறான்."

திட்டம் எதுவும் இல்லை, முயற்சியும் இல்லை. இருந்தாலும் இதை லேசாக எடுக்கக் கூடாத மண் இது. வேலூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரிக்காரர்கள் கணியம்பாடி வட்டாரத்தில் 1992 முதல் 2001 வரை 10 முதல் 19 வயதுள்ளவர்களின் மரணங்களை ஆராய்ந்து 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். அந்த வயதில் தற்கொலையால் இறந்தவர்கள், ஆண்டுக்கு லட்சத்தில் பெண்கள் 148, ஆண்கள் 58. கணியம்பாடி எங்களுக்குப் பஸ் போகிற தூரம். அந்தக் கணக்கு பழையதுதான். ஆனாலும் ஒரு பிள்ளை தரையைப் பார்த்துப் பேசும்போது எனக்கு அந்த 148 ஞாபகம் வராமல் இருந்ததில்லை.

அன்றைக்கே அவளிடம் சொல்லிவிட்டு ஆயாவைப் பார்த்தேன். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, குழந்தைகள் உதவி எண் 1098, மாநில சுகாதார எண் 104 மூன்றையும் அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவளையே எழுதச் சொன்னேன். மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்றதும் ஆயா பதறிப்போனார். "பைத்தியம்னு பேரு வந்துட்டா யாரு கட்டுவாங்க?" பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம் 1957-லிருந்து நடக்கிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் கூடவே தங்குவது அங்கே அப்போதிருந்தே வழக்கம். "வயித்து வலிக்கு ஸ்கேன் எடுக்கல? அதே மாதிரி மனசுக்கு ஒரு டாக்டரு. நீயும் கூடவே உக்காந்துக்கலாம் ஆயா" என்றேன். கூட உட்காரலாம் என்பதுதான் அவரை அசைத்தது. கடைசியில் போனது அரசு மருத்துவமனைக்கு, பீடி வேலை ஒரு நாள் போனாலும் போகட்டும் என்று. அம்மா போனில் சம்மதம் சொன்னார். மருத்துவர் மாத்திரை தேவையில்லை என்றார். பேசிப் பார்க்கலாம், மாதம் ஒரு தடவை வாருங்கள் என்றார்.

இது ஏன் இப்படி ஆனது

மன அழுத்தத்தைச் சமாளிப்பதில் இரண்டு வகை உண்டு என்று 1984-ல் லாசரஸும் ஃபோக்மேனும் வகுத்தார்கள்: பிரச்சினையையே கையில் எடுத்துத் தீர்ப்பது ஒன்று, அதனால் எழும் உணர்ச்சியை ஆற்றிக்கொள்வது இன்னொன்று. இவள் முதல் வகையில் கெட்டிக்காரி. தண்ணீர், சோறு, தம்பி, குழு பணம் எல்லாவற்றையும் தீர்த்துவிடுவாள். ஆனால் அம்மா வராததை அவளால் தீர்க்க முடியாது. அங்கே இரண்டாவது வகைதான் உதவும், அதற்கு அவள் வீட்டில் இடமே இல்லை. அழுதால் தம்பி அழுவான். ஆயாவிடம் சொன்னால் ஆயாவுக்குப் படபடப்பு. அம்மாவிடம் சொன்னால் அம்மா வேலையை விட்டு வந்துவிடுவார், கடன் நிற்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் தான் பேசினால் இன்னொருவருக்கு வலிக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். கணக்கு தப்பு என்றும் சொல்ல முடியாது.

இறந்தவரைப் பற்றி அழலாம், காரியம் செய்யலாம். உயிரோடு இருந்தும் கூட இல்லாதவரைப் பற்றி எப்படி அழுவது? பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைத் தெளிவில்லாத இழப்பு என்று சொல்லி ஐம்பது ஆண்டுகளாக எழுதிவருகிறார். காலண்டர் தாள்களை நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன். தெளிவில்லாத ஒன்றுக்கு அவளே தேதி போட்டுக் கணக்கு வைக்கப் பார்த்திருக்கிறாள்.

இன்னொரு முடிச்சு பின்னால்தான் அவிழ்ந்தது. அந்த ஜூலையில் அப்பா சாரத்திலிருந்து விழுந்து கணுக்கால் உடைந்திருக்கிறது. பிள்ளைகள் பயந்துவிடும் என்று இரண்டு மாதம் மறைத்தார்கள். அம்மா அதை என்னிடம் சொன்னபோது, அவர் அனுமதியோடு, இது உனக்குத் தெரியுமா என்று அவளைக் கேட்டேன்.

"தெரியும் மிஸ். அப்பயே தெரியும். நைனா பேசும்போது பின்னாடி யாரோ நம்பர் கூப்ட்டாங்க, கன்னடத்துல. ஆஸ்பத்திரின்னு தெரிஞ்சிடுச்சி. எவ்ளோ அடின்னுதான் தெரியல."

எவ்வளவு அடி என்று தெரியாததால் அவள் பெரிதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். கால் போய்விட்டது என்று ஒரு வாரம், உயிரே போய்விட்டது, அம்மா மறைக்கிறார் என்று ஒரு வாரம். அடுத்த ஞாயிறு குரல் கேட்டால்தான் உயிர் இருப்பது தெரியும். பெற்றோர் பிள்ளைக்காக மறைத்தார்கள். பிள்ளை பெற்றோருக்காகத் தனக்குத் தெரியும் என்பதை மறைத்தாள். இரண்டு பக்கமும் "நல்லா கீறோம்".

2018-ல் லான்செட்டில் 111 ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வந்தது. பெற்றோர் பிழைக்கப் போய்விட ஊரில் தங்கும் பிள்ளைகளிடம் மனச்சோர்வு, பதற்றம், தற்கொலை எண்ணம் மூன்றும் மற்றப் பிள்ளைகளைவிட அதிகம் என்று அது காட்டியது. அந்த 111-ல் 91, சீனாவின் உள்நாட்டு இடப்பெயர்வு பற்றியவை. நம் ஊர்ப் பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமை போனைப் பற்றி நாம்தான் எழுத வேண்டும்.

என்ன செய்தோம்

பெற்றோரைத் திரும்பி வரச் சொல்லவில்லை. அது என் கையிலும் இல்லை, அவர்கள் கையிலும் இல்லை. போன் பேச்சை மாற்ற முடியுமா என்றுதான் பார்த்தோம்.

அவள் சம்மதித்த பிறகு, அம்மாவை லவுட் ஸ்பீக்கரில் போட்டு மூவரும் பேசினோம். முதல் தடவை அம்மா பக்கம் கலவை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, ஒன்றும் கேட்கவில்லை. அம்மா மணல் குவியலுக்குப் பின்னால் போய் நின்று பேசினார். இரண்டு விஷயம் ஒத்துக்கொண்டார்கள். புதனும் ஞாயிறும் ராத்திரி எட்டரைக்குப் போன், ஐந்து நிமிடம் ஆனாலும் சரி. அதில் ஆளுக்கு ஒரு நல்ல விஷயம், ஒரு கஷ்டமான விஷயம் சொல்ல வேண்டும். கஷ்டத்தைக் கேட்டவர் உடனே ஆறுதலோ புத்தியோ சொல்லக் கூடாது, "ம், அப்புறம்" என்று கேட்க வேண்டும். அப்புறம், வர முடியுமா என்று நிச்சயமில்லாத தேதியைச் சொல்லவே கூடாது.

கடைசியானது அம்மாவுக்குப் பெரும்பாடு. "அடுத்த வாரம் வர்றேன்னு சொல்லாம போன எப்படி மிஸ் வைக்கிறது? மனசு கேக்காதே" என்றார். அந்த வாக்குறுதி பிள்ளைக்கு மட்டுமல்ல, அவர் தனக்கே சொல்லிக்கொண்டதும்தான் என்று அப்போது எனக்குப் புரிந்தது. அம்மாவின் தூக்கத்தையும் நான் விசாரித்திருக்க வேண்டும். பிறகு விசாரித்தேன். அவரும் தூங்கவில்லை.

அப்பா முதலில் ஒத்துழைக்கவில்லை. கஷ்டத்தைச் சொன்னால் பிள்ளை மனசு ஒடியும் என்றார். நாலாவது வாரம்தான் காலைப் பற்றிப் பேசினார்: கட்டுப் பிரித்தாயிற்று, ஏணி ஏற இன்னும் பயமாக இருக்கிறது என்று. அவள் மறுநாள் என்னிடம் ஓடி வந்து சொன்னது: "நைனாக்கும் பயமா கீதாம் மிஸ்." அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

மற்றவை சின்னச் சின்னது. குழு தலைவி அக்காவிடம் பேசி, பணம் கேட்பது அம்மாவுக்குப் போனில் என்று ஆயிற்று. வாசலுக்கு ஆள் வருவது நின்றது. தம்பியின் வீட்டுப்பாடத்தை இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர் அக்கா ஒருவர் பார்த்துக்கொண்டார். பீடி விஷயத்தில் ஆயாவோடு சண்டையே வந்தது. "நான் ஒண்டியா இன்னா பண்றது, கண்ணு தெரியல" என்றார். அவர் சொல்வதும் நியாயம். பரீட்சை நாட்களில் மட்டும் இலை வெட்டச் சொல்வதில்லை என்பதோடு முடிந்தது. அதற்கு மேல் எனக்கு வெற்றி இல்லை. கண்புரை அறுவைக்கு ஆயாவை இலவச முகாமில் பதிவு செய்தோம்.

வகுப்பில் அவளைப் போல இன்னும் சிலர் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் மரத்தடியில் உட்கார ஆரம்பித்தோம். பெயர் ஒன்றும் வைக்கவில்லை. பெஞ்சை உடைத்த பையனும் வந்தான். "எங்கப்பா வீடியோ கால்ல எப்பவும் சிரிச்சுகினே இருப்பாரு, எனக்கு கோவம் வரும்" என்று அவன் சொன்னதும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். தனக்கு மட்டும்தான் அப்படி என்று நினைத்திருந்தாளாம்.

அவள் அடிக்கடி சொல்லும் ஒன்று உண்டு. "கொரோனாலதான் மிஸ் நாங்க எல்லாரும் ஒண்ணா இருந்தோம். கஞ்சிதான் குடிச்சோம். ஆனா எல்லாரும் இருந்தோம்." 2020-ல் அவளுக்குப் பத்து வயது. ஊரே பயந்து கிடந்த மாதங்கள் அவள் நினைவில் இனிமையாக இருக்கின்றன. முதலில் கேட்டபோது எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பிறகு அதையே பிடித்துக்கொண்டோம். அந்த மாதங்களில் என்ன சமைத்தீர்கள், யார் பக்கத்தில் யார் படுத்தீர்கள், நைனா என்ன கதை சொன்னார் என்று எழுதச் சொன்னேன். இரண்டு நோட்டுப் பக்கம் எழுதினாள். புதன்கிழமை போனில் அதைத் தம்பிக்கும் அம்மாவுக்கும் படித்துக் காட்டினாள்.

ஆறு மாதம் கழித்து

பிப்ரவரியில் அதே வினாத்தாள். மொத்தம் 12, உணர்ச்சிப் பகுதி 5. இரண்டும் இயல்பு வரம்புக்குள். வயிற்று வலி போகவில்லை. ஜனவரியில் இரண்டு தடவை வந்தது, ஒன்று பொங்கல் முடிந்து அம்மா அப்பா பஸ் ஏறிய மறுநாள். ஆனால் அன்றைக்கு அவளே வந்து, "நேத்து அவங்க போனாங்க மிஸ், அதான் வலிக்குது" என்றாள். இரண்டையும் அவளே சேர்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. எழுந்திருக்காமல் இருந்தால் நல்லது என்ற எண்ணம் இப்போது வருவதில்லை என்கிறாள். ஒவ்வொரு சந்திப்பிலும் நேராகவே கேட்கிறேன். மாதாமாதம் மருத்துவரிடம் போவது தொடர்கிறது. இரண்டு தடவை பஸ் காசில்லாமல் விட்டுப்போனது.

சரியாகாதவையும் உண்டு. அத்தை ஒருத்தர், பத்தாவது முடித்ததும் மாப்பிள்ளை பார்க்கலாம் என்று பேச்செடுத்திருக்கிறார். பதினெட்டுக்கு முன் கல்யாணம் சட்டப்படி குற்றம் என்று அம்மாவிடமும் ஆயாவிடமும் தெளிவாகச் சொல்லியிருக்கிறேன், தலைமை ஆசிரியருக்கும் தெரியும். தூக்கம் இன்னும் ஆறு மணி நேரத்தைத் தாண்டவில்லை. தம்பி சில ராத்திரி படுக்கையை நனைக்கிறான், அவனோடு இப்போதுதான் பேசத் தொடங்கியிருக்கிறேன். முன்பணக் கடன் அப்படியே நிற்கிறது.

மார்ச்சில் ஒருநாள் அவள் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து காட்டினாள். காலண்டர் தாள்கள் திரும்ப வந்திருந்தன. இப்போது மூன்று கட்டு. மூன்றாவது எது என்று கேட்டேன்.

"இது வராத தேதிதான் மிஸ். ஆனா வர முடியாதுன்னு அம்மா முன்னாடியே சொல்லிட்டாங்க."

ரப்பர் பேண்ட் பற்றாமல் அதற்கு மட்டும் பீடி நூலால் கட்டியிருந்தாள்.